மூச்சைப் பிடிங்க

பழைய வண்ணாரப்பேட்டையில்
எம்.சி. ரோட்டு ஷட்டர்கள் எல்லாம் இறங்கிய பிறகு
ஆட்டோவில் வந்து இறங்கியது கல்.
குக்கர் பெட்டிக்குள், ஈரிழைத் துண்டு சுற்றி.
கொண்டுவந்தவள் இசக்கி, ஆராய்ச்சி மாணவி.
கிண்டிப் பக்கம் நாலு இடத்தில் கேட்டாளாம்,
மெஷின் கெட்டுவிடும் என்றார்களாம்.
எங்கள் ஓனருக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை.
பில் போட்டால் சரி.

பில்லுக்குப் பெயர் வேண்டும்.
நஸ்ரின் ‘கல்’ என்று அடித்தாள்.
இனிஷியல் இல்லாமல் கம்ப்யூட்டர் நகரவில்லை.
கோதாவரிப் பக்கத்துச் செம்மண் மேட்டில் எடுத்தது
என்றதால், கோ. கல்.
ஆணா பெண்ணா?
இசக்கி உதட்டைப் பிதுக்கினாள்.
வயது?
இருபத்துமூன்று கோடி, முன்னே பின்னே சில லட்சம்.
கட்டத்தில் மூன்று எண்ணுக்குத்தான் இடம்,
999 போட்டோம்.
‘என்ன தொந்தரவு’ என்ற இடத்தில் நஸ்ரின்
பேனாவைக் கடித்து யோசித்து
‘பல நாளாக அசைவில்லை’ என்றாள்.

பன் அளவு இருக்கும். செங்கல் நிறம்.
வெளியே தெரிந்தது ஒரே ஒரு முள்,
நெத்திலியைத் தின்றுவிட்டு ஒதுக்கினாற்போல.

பழக்கதோஷம், மார்பு ஸ்கேனுக்கான பட்டனை அழுத்திவிட்டேன்.
மெஷினுக்குள் இருக்கும் பெண் கல்லிடம் சொன்னாள்:
மூச்சை நல்லா உள்ள இழுங்க.
பிடிங்க.

பதினொரு வருஷமாக இந்தக் குரலோடு குப்பை கொட்டுகிறேன்.
சொன்னபடி பிடித்தவர்கள் குறைவு.
எண்ணூர் சாம்பலைத் தின்ற நெஞ்சு,
மணலிக் காற்றைக் குடித்த நெஞ்சு
மூன்று எண்ணுவதற்குள் இருமிவிடும், படம் கலங்கும்.
அன்றைக்குத்தான் பார்த்தேன்
கொஞ்சமும் கலங்காத படம்.

விடுங்க, என்றாள்.

திரையில் ஒவ்வொரு சீவலாக வந்தது.
கட்டைவிரல் நகமளவு மண்டை.
அதில் வரிசை தப்பாத பல்.
சீப்புப் பல் விலா.
வால், தன்னைச் சுற்றியே ஒன்றரைச் சுற்று.
டைனோசரா என்றாள் நஸ்ரின்.
இல்லையாம். அதெல்லாம் அப்போதுதான் தலையெடுத்த நேரம்,
இது அவற்றின் காலிடுக்கில் ஓடியது.
அப்போ பல்லி?
பல்லி மாதிரி, ஆனால் பல்லி இல்லை.
இன்றைக்கு இருக்கிற எதுவும் இதன் பிள்ளையில்லை.
நஸ்ரின் திரும்பிப் போய்
‘உறவுமுறை’ கட்டத்தில் ஒரு கோடு போட்டாள்.

எனக்குக் கல் தெரியாது. எலும்பு தெரியும்.
இடது தொடையில் நிறுத்தினேன்.
இங்க ஒடிஞ்சிருக்கு.
மேலே மண் அழுத்தி உடைஞ்சிருக்கும் என்றாள் இசக்கி.
இல்லை.
செத்த எலும்பு உடைந்தால் ஓரம் கத்தியாக நிற்கும்.
இது உருண்டு, வீங்கி,
கொஞ்சம் கோணலாகக் கூடியிருக்கிறது.
மாவுக்கட்டை அவர்களே கிழித்தெறிந்துவிட்டு
மறுநாள் மூட்டை தூக்கப் போகிற
ஹார்பர் ஆட்களிடம் பார்த்திருக்கிறேன், இதே கோணல்.
ஒடிந்த பிறகும் ரொம்ப நாள் இருந்திருக்கிறது.
காலை இழுத்து இழுத்துப் போய்த் தின்றிருக்கிறது.
இசக்கி நோட்டில் எழுதினாள், அடித்தாள்,
மறுபடி அதையே எழுதினாள்.

அவள் போனபோது மணி இரண்டு நாற்பது.
காசிமேட்டிலிருந்து தேசப்பனைத் தூக்கிவந்தார்கள்,
விஞ்சுக் கயிறு அறுந்து நெஞ்சில் அடித்ததாம்.
படுக்கையில் சிவப்புத் தூசி, சரியாகத் துடைக்கவில்லை நான்.
விரலால் தொட்டுப் பார்த்து
‘இன்னா மேடம், செங்கல்லயா ஸ்கேன் பண்ணினு இருந்த?’
ஆமா என்றேன்.
சிரிக்கப் போய் விலாவைப் பிடித்துக்கொண்டான்.

மூச்சைப் பிடிங்க, என்றாள் அவள்.
நாலில் இருமினான்.
மறுபடி.
இரண்டில்.
மூன்றாவது தடவை சுமாராக வந்தது.
புது முறிவு இரண்டு, எதிர்பார்த்ததுதான்.
அதற்குக் கீழே இன்னொன்று, பழசு,
யாரும் கட்டாமல் தானே கூடியது, கோணலாக.

‘இது எப்ப ஒடிஞ்சது?’

‘எது?’ என்றான்.